அலுமினியப் படகின் வரலாறும் மறுவாழ்வும்

மாந்தன் படைத்த கருவிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அரசர்களின் வெற்றி தோல்விகளைப் போல அவ்வரலாறு கல்வெட்டுகளில் இடம்பெறுவதில்லை. கருவியின் உடலிலேயே பொறிக்கப்பட்டுக் கிடக்கிறது. அதனைப் படிக்க வல்லவன் அக்கருவியைச் செப்பனிடவும் வல்லவனாகிறான். படிக்கமாட்டாதவனோ திருத்தப் புகுந்து கெடுத்துவிடுகிறான். இவ்வுண்மைக்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு, வட அமெரிக்காவின் ஏரிகளில் எளிய மக்கள் மீன்பிடிக்கப் பயன்படுத்தும் சிறிய அலுமினியப் படகாகும்.

ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட இத்தகைய படகுகள் பல, அந்நாட்டு வீடுகளின் கொட்டகைகளிலும் தோட்டத்து மூலைகளிலும் இன்றும் கிடக்கின்றன. அவற்றைச் சிறு தொகைக்கு வாங்கி, ஓய்வு நாள்களில் தம் கைகளாலேயே செப்பனிட்டு மீண்டும் நீரில் இறக்குவோர் பலர். பார்வைக்கு இது பொழுதுபோக்கு வேலையாகத் தோன்றலாம். ஆயின், அவ்வேலையின் ஒவ்வொரு படியிலும் அவ்வுலோகத்தின் இருநூறாண்டு வரலாறு மறைந்து நிற்கிறது.

வெள்ளிக்கு நிகராக விற்ற உலோகம்

புவியின் மேலோட்டில் மிகுதியாக உள்ள உலோகம் அலுமினியமே. எனினும் அது தனித்துக் கிடைப்பதில்லை. ஆக்சிஜனோடும் பிற தனிமங்களோடும் இறுகப் பிணைந்து மண்ணாகவும் கல்லாகவும் கிடக்கிறது. 1825ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஏர்ஸ்டெட் அதனை முதன்முதலில் சிற்றளவில் பிரித்தெடுத்தார். அதன் பின்னரும் அறுபது ஆண்டுகள் அது செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. 1884இல் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் 100 அவுன்சு எடையுள்ள அலுமினியக் கூர்நுனி பொருத்தப்பட்டபோது, அவ்வுலோகம் ஏறத்தாழ வெள்ளியின் விலைக்கு விற்றது.

இந்நிலையை மாற்றியது 1886ஆம் ஆண்டு. அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும், பிரான்சில் பால் எரூவும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே முறையைக் கண்டறிந்தனர். உருக்கிய கிரையோலைட்டில் அலுமினிய ஆக்சைடைக் கரைத்து, அதனுள் மின்சாரத்தைச் செலுத்தி உலோகத்தைப் பிரிப்பதே அம்முறை. இருவரும் 1863இல் பிறந்தவர்கள் என்பது வியப்பூட்டும் ஒற்றுமையாகும். அடுத்த சில ஆண்டுகளிலேயே அலுமினியத்தின் விலை பெரிதும் வீழ்ந்தது, அரும்பொருள் தொழிற்பொருளாயிற்று.

முதல் படகுகள் தந்த பாடம்

எடை குறைந்த உலோகம் கிடைத்ததும் படகு கட்டுவோரின் கண் அதன்மீது விழுந்தது. எஃகின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உடைய பொருள் எவரைத்தான் கவராது? 1890களின் தொடக்கத்திலேயே ஐரோப்பாவில் சிறு அலுமினியப் படகுகள் மிதக்கத் தொடங்கின. அக்காலத்தின் புகழ்மிக்க சோதனை 1895இல் நிகழ்ந்தது. அமெரிக்கக் கோப்பைப் பாய்மரப் போட்டிக்காக ஹெர்ரெஷாஃப் என்னும் கப்பற்கலை வல்லுநர் ரோட் தீவு மாநிலத்தில் ‘டிஃபெண்டர்’ என்னும் கலத்தைக் கட்டினார். நீருக்குள் அமிழும் பகுதிக்கு வெண்கலத் தகடும், மேற்பகுதிக்கு அலுமினியத் தகடும், சட்டத்திற்கு எஃகும் பயன்படுத்தப்பட்டன. அக்கலம் போட்டியில் வென்றது. ஆனால், அரிப்புக்குத் தோற்றது. 1901இல் அது உடைக்கப்பட்டுவிட்டது.

தோல்வியின் காரணம் எளிதில் விளங்கக் கூடியதே. இருவேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்க, இரண்டையும் உப்புநீர் தழுவுமாயின், அங்கே ஒரு மின்கலம் உருவாகிறது. அவற்றுள் எளிதில் வினைபுரியும் உலோகம் தன்னையே கரைத்துக்கொண்டு மற்றதைக் காக்கிறது. செம்பும் வெண்கலமும் அருகிருந்தால் கரைவது அலுமினியமே. இதனை அலுமினியப் படகின் முதல் பாடம் எனலாம்.

இரண்டாம் பாடம் ஜெர்மனியிலிருந்து வந்தது. 1906இல் ஆல்பிரட் வில்ம் என்பார், செம்பும் மக்னீசியமும் சிறிது கலந்த அலுமினியம், சூடேற்றிக் குளிர்வித்த பின் சில நாள்களில் தானே உறுதிபெறுவதைக் கண்டார். ‘டுராலுமின்’ எனப் பெயர்பெற்ற அக்கலவை வானூர்திக்கு ஏற்றதாயிற்று. ஆயினும், அதிலுள்ள செம்பே உப்புநீரில் அதற்குப் பகையாயிற்று. செம்பை நீக்கி மக்னீசியத்தை முதன்மையாகக் கொண்ட கலவைகள் வந்த பின்னரே, நீரில் நிலைக்கும் அலுமினியம் மக்களுக்குக் கிடைத்தது.

வானூர்திச் சாலையிலிருந்து ஏரிக்கு

இரண்டாம் உலகப் போர் அலுமினியத்தின் போராகவும் இருந்தது. 1940 முதல் 1945 வரை அமெரிக்கா ஏறத்தாழ 3,00,000 வானூர்திகளைக் கட்டியது. தகடு வெட்டுதல், வளைத்தல், தறையாணி அடித்துப் பிணைத்தல் ஆகிய வேலைகளில் இலட்சக்கணக்கானோர் தேர்ச்சி பெற்றனர். அவர்களுள் பெண்கள் பெருந்தொகையினர். ‘தறையாணி ரோசி’ என்னும் கற்பனை உருவம் அப்பெண்களின் அடையாளமாகவே நாடெங்கும் பரவியது.

போர் முடிந்தபோது உலோகமும் எஞ்சியது. தேர்ந்த கைகளும் எஞ்சின. இவ்விரண்டும் எங்கே செல்வது என்ற வினாவுக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று படகு. 12,000க்கும் மேற்பட்ட ‘ஹெல்கேட்’ போர் வானூர்திகளைக் கட்டிய கிரம்மன் நிறுவனத்தின் துணைத்தலைவர் வில்லியம் ஹாஃப்மன், 1944இல் அடிராண்டாக் மலைப்பகுதிக்குச் சென்றிருந்தார். அங்கே ஏரிக்கு ஏரி கனத்த தோணியைச் சுமந்து நடந்தபோது, வானூர்தித் தகட்டில் தோணி செய்தால் என்ன என்ற எண்ணம் அவருக்குத் தோன்றிற்று. 1945இல் கிரம்மன் அலுமினியத் தோணிகள் விற்பனைக்கு வந்தன. ஏரிகள் நிறைந்த மின்னசோட்டா மாநிலத்தில் 1946இல் ‘அலுமாகிராஃப்ட்’ படகுகள் பிறந்தன. 1948இல் ஹோவர்ட் லண்ட் தம் சொந்தப் பயனுக்கென ஒரு படகு செய்யப்போய், அதுவே பெருந்தொழிலாக வளர்ந்தது.

ஓல் எவின்ரூட் 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்த, படகின் பின்புறத்தில் பூட்டும் மோட்டார், இப்படகுகளுக்கு உற்ற துணையாயிற்று. இருவர் தூக்கக்கூடிய படகும், ஒருவர் தூக்கக்கூடிய மோட்டாரும் சேர்ந்தபோது, செல்வர்களின் நீர் விளையாட்டு ஆலைத் தொழிலாளிக்கும் உழவனுக்கும் உரியதாயிற்று.

ஆண்டுகள் விளைத்த கேடு

அலுமினியம் துருப்பிடிப்பதில்லை என்பர். உண்மையில், காற்றுப்பட்ட கணத்திலேயே அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடுத் தோல் படிகிறது. கீறல் விழுந்தால் அத்தோல் தானே மீண்டும் படர்கிறது. நன்னீர் ஏரியில் ஒரு படகு அரை நூற்றாண்டு நிலைப்பது அத்தோலின் காவலால்தான். அப்படியாயின் பழைய படகு கெடுவது எதனால்? தகடு கெடுமுன் அதன் துணைப்பொருள்கள் கெடுகின்றன: தறையாணி தளர்கிறது, மரம் உளுத்துப்போகிறது, மிதவை நுரை நீரை உறிஞ்சுகிறது.

செப்பனிடுவோர் முதலில் படகின் பிறப்பை அறிய முற்படுவர். 1972 நவம்பர் முதல் அமெரிக்கப் படகுகளின் பின்புறத்தில் அடையாள எண் பொறிக்கப்பட வேண்டும் என்பது சட்டம். செய்தவர் யார், எந்த ஆண்டு என்பவற்றை அவ்வெண் சொல்லிவிடும். எண் இல்லையேல், படகு பெரும்பாலும் அதற்கு முற்பட்டது எனக் கொள்ளலாம்.

அடுத்தது கசிவைக் காணுதல். படகை இழுவை வண்டியின்மேல் அடிப்புறம் நன்கு தாங்கப்படுமாறு வைத்து, உள்ளே சில அங்குல உயரத்திற்குத் தண்ணீர் ஊற்றுவர். வெளியே நீர் துளிர்க்கும் இடங்களை மெழுகுக்கோலால் வட்டமிடுவர். பெரும்பாலும் அவ்வட்டங்கள் ஏராவின் இருமருங்கிலும் தறையாணி வரிசைகளின்மீதே விழும்.

தளர்ந்த ஆணியை இறுக்க இருவர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று ஆணித்தலையில் குழிக்கருவியை வைத்து அடிக்க, மற்றவர் உள்ளே ஆணியின் வாலில் கனத்த இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிப்பார். வால் நசுங்கித் தட்டையாகித் தகடுகளை மீண்டும் பிணைக்கும். போர்க்காலத்தில் வானூர்திச் சாலைகளில் இரட்டையராக நின்று பணிசெய்த அதே முறை, இன்று வீட்டு முற்றத்தில் கணவன் மனைவியிடையிலும் தந்தை மகளிடையிலும் தொடர்கிறது. துளை பெருத்திருந்தால் சற்றே பருத்த ஆணியை இடுவர். கைப்பிடிக் கருவியால் ஒரு புறமிருந்தே பூட்டும் ஆணியும் உண்டு. ஆயின் அது நுனி மூடியதாக இருத்தல் வேண்டும். நடுவே துளையுள்ளதை இட்டால் நீர் அதன் வழியே புகும்.

மரத்தில் ஒளிந்திருக்கும் பகை

செப்பனிடும் வேலையில் மிகுந்த கவனம் வேண்டுவது அமரப் பலகை. அமரம் என்பது படகின் பின்புறம். மோட்டாரின் சுமையையும் உந்துவிசையையும் தாங்குவதற்காக அங்கே அலுமினியத் தகட்டோடு ஒட்டுப்பலகை சேர்த்துப் பூட்டப்பட்டிருக்கும். ஆணித் துளைகளின் வழியே நீர் இறங்கி ஆண்டுக்கணக்கில் தங்குவதால் அப்பலகை உளுக்கிறது. வெளித்தோற்றத்தில் குறை தெரியாது. ஓடும்போது மோட்டார் ஆட்டங்கண்ட பின்னரே தெரியவரும்.

பழைய பலகையை உடையாமல் எடுத்து, அதனையே அச்சாக வைத்துப் புதியதை வெட்டுவர். முக்கால் அங்குலப் பலகைகள் இரண்டை ஒட்டி ஒன்றரை அங்குலக் கனமாக்கி, விளிம்புகளையும் துளைகளையும் எப்பாக்சிப் பசையால் நன்கு மூடுவர். இங்கேதான் வரலாறு அறியாதவன் இடறுகிறான். உளுக்காத மரம் வேண்டுமென்று மருந்தேற்றிய பலகையை வாங்கிப் பொருத்திவிடுகிறான். அமெரிக்காவில் ஆர்செனிக் கலந்த பழைய மரக்காப்பு மருந்து 2003ஆம் ஆண்டின் இறுதியோடு வீட்டுப் பயன்பாட்டு மரங்களிலிருந்து விலக்கப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த மருந்துகளில் செம்பின் அளவு முன்னினும் கூடுதல். ஈரம் பட்டதும் அச்செம்பு அலுமினியத்தைத் தின்னத் தொடங்குகிறது. பலகை உளுக்காமல் நிற்கும். அதனைத் தாங்கிய தகடோ சல்லடையாகிவிடும். 1895இல் கட்டப்பட்ட ‘டிஃபெண்டர்’ கலத்தை அழித்த அதே பகை, வீட்டுக் கொட்டகைக்குள் மரத்தின் வடிவில் நுழைந்துவிடுகிறது.

பித்தளைத் திருகாணியும், செம்பு கலந்த அடிப்பூச்சும் விலக்கப்படுவது இக்காரணம் பற்றியே. படகின் அடித்தளத்தில் உப்புநீரில் தவறிவிழுந்த ஒரு செப்புக் காசு நாளடைவில் தகட்டையே துளைத்துவிடக்கூடும். துருப்பிடிக்காத எஃகு ஆணிகளைப் பயன்படுத்துங்கால், உலோகம் உலோகத்தைத் தொடாதவாறு இடையே பசை பூசுவர்.

இறுதியாக மிதவை நுரை. 1978 ஆகஸ்டு முதல் செய்யப்பட்ட, 20 அடிக்குக் குறைந்த மோட்டார்ப் படகுகள் நீர் நிரம்பினாலும் மட்டமாக மிதக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. இருக்கைகளின் கீழுள்ள நுரையே அதற்கு வழிசெய்கிறது. நீர் உறிஞ்சிக் கனத்த பழைய நுரையைக் களைந்துவிட்டுப் புதியதை வைக்காமல் விடுவோர் படகை இலேசாக்கியதாக எண்ணுவர். அவர்கள் எடுத்தெறிந்தது நான்கு உயிர்களின் காப்பு என்பது, படகு கவிழும் நாளில்தான் விளங்கும்.

செப்பனிடுதலின் பெறுமானம்

இத்துணை உழைப்பு எதற்கு? பழையதை உருக்கிப் புதியது செய்யலாகாதா? செய்யலாம், பழைய அலுமினியத்தை உருக்க, மண்ணிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ நூற்றில் ஐந்து பங்கே போதும். ஆனால், செப்பனிட்ட படகுக்கு அதுவும் தேவையில்லை. அலுமினியத்தின் தாய்மண்ணான பாக்சைட்டைத் தோண்டுவதன் விலை என்ன என்பதை மலேசியர் நன்கறிவர். குவாந்தான் வட்டாரத்தில் சாலையும் ஆறும் கடலோரமும் செந்நிறமானதையடுத்து, 2016 சனவரியில் அரசாங்கம் அங்கே பாக்சைட்டு அகழ்வை நிறுத்திவைக்க நேர்ந்தது. ஒரு தகடு இன்னும் முப்பது ஆண்டு உழைக்குமாயின், அந்த அளவுக்கு ஒரு பிடி மண் எங்கோ தோண்டப்படாமல் இருக்கும்.

எவின்ரூட் பெயர் தாங்கிய மோட்டார்களின் உற்பத்தி 2020இல் நிறுத்தப்பட்டது. அவை ஒருகாலத்தில் உந்திச் சென்ற படகுகளோ இன்னும் மிதக்கின்றன. அவற்றை மிதக்கவைப்பது உலோகத்தின் உறுதி மட்டுமன்று. கசிவைக் கண்டு வட்டமிடும் கண்ணும், ஆணியின் வாலைத் தாங்கிப் பிடிக்கும் கையும், எந்த மரத்தைத் தொடலாகாது என்றறிந்த அறிவும் ஆகும். மாணவர் வரலாற்றை ஏட்டில் ஆண்டுகளாகவும் பெயர்களாகவும் கற்கின்றனர். அந்த ஆண்டுகளும் பெயர்களும் ஒரு பலகையைத் தேர்ந்தெடுக்கும் கைக்கு வழிகாட்டும்போதுதான் கற்றது கல்வியாகிறது. ‘டிஃபெண்டர்’ அழிந்தது வீண்போகவில்லை. அதன் அழிவை அறிந்தவன் செப்பனிட்ட படகு ஏதோவோர் ஏரியில் கசிவின்றி மிதந்துகொண்டிருக்கிறது.