கட்டிய பேல்

திருப்பூரில் பஞ்சுத் தரகு பார்த்த என் அப்புச்சிக்குக் கட்டிய பேலில் நம்பிக்கை கிடையாது. "பூட்டின பெட்டிக்குள்ளே இருக்கறதைப் பூட்டுச் சொல்லுமா, கண்ணு?" என்பார்.

நியாயந்தான். கம்போடியாப் பருத்தி நல்ல விலைக்குப் போனதும் மட்டப் பஞ்சைக் கலப்பதும் எடைக்குத் தண்ணீர் தெளிப்பதும் கூடவே வளர்ந்தன. வெளியூர் மட்டப் பருத்தி உள்ளே வராமல் தடுக்க 1923இல் ஒரு சட்டம். ஒவ்வொரு பேலிலும் அழுத்திய ஆலையின் குறியும் வரிசை எண்ணும் இருக்கவேண்டும் என்று 1925இல் இன்னொன்று. ஏமாந்தவன் யாரைப் போய்க் கேட்பது என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

அறுவடை மும்முரத்தில் விலை இறங்கும். குடியானவனுக்குக் கடன் அவசரம். அப்போது வாங்குகிறவனுக்கு லாபம், கிடங்கு வாடகையும் வட்டியும் தின்றது போக. ஒரு வருஷம் அப்புச்சியும் ஆசைப்பட்டு வாங்கி ஆடிவரை வைத்திருந்தார். பிரித்தால் நடுவில் ஈரம், மக்கல். நோட்டில் குறித்திருந்த எண்ணைக் காட்டிப் பாதிப் பணம் வாங்கினார்.