மாலத்தீவு: காலநிலை மாற்றமும் சுற்றுலாவும்

மாலத்தீவு இலட்சத்தீவுக்குத் தெற்கே தொடங்கி நிலநடுக்கோட்டைத் தாண்டியும் நீளும் பவளத் தீவுகளின் நாடு. தீவுகள் 1,192, மொத்த நிலம் ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர்தான். அந்த நிலத்தில் 80 விழுக்காடு கடல்மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரம்கூட இல்லாதது. நாட்டின் உற்பத்தியில் சுமார் கால் பங்கு நேரடியாகச் சுற்றுலாவிலிருந்து கிடைக்கிறது. கடல் சூடாவதாலும் உயர்வதாலும் முதலில் அடிவாங்குவது சுற்றுலாவை இழுத்துவரும் பவளப்பாறையும் வெண்மணலும். அந்தச் சூட்டுக்குக் காரணமான புகையில் ஒரு பங்கு பயணிகள் ஏறிவரும் விமானத்திலிருந்து வருகிறது. கடலைத் தடுக்கும் சுவருக்கான பணமும் அதே பயணிகளிடமிருந்துதான் வரவேண்டியிருக்கிறது.

தீவும் பாறையும்

மாலத்தீவின் மணல் எந்த ஆற்றிலிருந்தும் வந்ததன்று. பவளமும் சிப்பியும் சுண்ணாம்புப் பாசியும் உடைந்து தேய்ந்து குவிந்ததே இந்தத் தீவுகள். இதில் கிளிமீனின் பங்கு பெரிது. அது பாறையைக் கொறித்துத் தின்று, செரிக்காத சுண்ணாம்பை மணலாகக் கழிக்கிறது. வக்காரு தீவைச் சுற்றி நடந்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. அங்கே புதிதாக உருவாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கு மேல் கிளிமீன்களால் வருகிறது என்று அது கணக்கிட்டது. பாறை உயிரோடு இருந்து, அதை மேயும் மீனும் இருந்தால்தான் தீவுக்கு மணல் கிடைக்கும்.

மணல் ஓரிடத்தில் நிற்பதுமில்லை. தென்மேற்குப் பருவத்தில் ஒரு கரையில் அரித்தெடுத்ததை வடகிழக்குப் பருவத்தில் கடல் மறுபடி அதே கரையில் கொண்டுவந்து போடும். ஆண்டு முழுதும் பார்த்தால் கடற்கரை தீவைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருக்கும். மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. கிணறுகளுக்கு அதுவே ஊற்று. தீவைச் சுற்றிய பாறை வெளிக்கடல் அலையின் வேகத்தில் பெரும்பகுதியைக் கரைக்கு வருமுன்பே உடைத்துவிடுகிறது. மணல், குடிநீர், அரண் மூன்றும் ஒரே உயிர்த்தொகுதியைச் சார்ந்திருப்பதால், பாறை சரிந்தால் மூன்றும் சேர்ந்தே சரியும்.

சுற்றுலா வந்த விதம்

சுற்றுலாவுக்கு முன் இது சூரைமீன் நாடு. தூண்டிலில் சூரை பிடித்து, அவித்துப் புகைபோட்டு உலர்த்திய மாசி இலங்கைக்கும் தமிழகத் தென்கரைக்கும் நெடுங்காலமாக வந்துகொண்டிருந்தது. தூண்டில் சூரைக்கு வேண்டிய உயிர் இரைமீனும் பாறைகளை ஒட்டியே கிடைக்கும். அன்றைய பொருளாதாரத்துக்கும் அடித்தளம் பவளம்தான்.

1972 அக்டோபரில் தலைநகர் மாலேக்கு அருகே குரும்பா என்ற முதல் விடுதி 30 அறைகளுடன் திறக்கப்பட்டது. சுவர்கள் பவளக்கல், கூரை தென்னங்கீற்று. குடியில்லாத ஒரு தீவைக் குத்தகைக்கு எடுத்து, அதில் ஒரே ஒரு விடுதி நடத்துவது பிறகு நாட்டின் வழக்கமாயிற்று. இன்று அப்படிப்பட்ட விடுதிகள் 170க்கும் மேல். மக்கள் வாழும் தீவுகளில் சிறு விருந்தினர் இல்லங்களுக்கு 2009க்குப் பிறகே வழிவிடப்பட்டது; மாஃபுஷி போன்ற ஊர்கள் அதனால் மாறிப்போயின. 2019இல் 17 இலட்சம் பயணிகள் வந்தனர். 2024இல் 20 இலட்சத்தைத் தாண்டினர். நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 5 இலட்சம்.

இந்தச் சார்பு எவ்வளவு ஆழமானது என்பதைக் கொரோனா காட்டியது. 2020 மார்ச் இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை வெளிநாட்டுப் பயணிகளுக்கு எல்லை மூடப்பட்டது. அந்த ஆண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி சுமார் மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. விமானப் பயணத்தை உலகம் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்த நாட்டுக்கு நினைவுக்கு வரக்கூடியது அந்த ஆண்டுதான்.

கடல் சூடாகும்போது

பவளத்தின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அதன் நிறமும் உணவில் பெரும்பகுதியும் அவை தருபவை. கோடையின் வழக்கமான உச்சத்தைவிட நீர் ஏறத்தாழ 1 பாகை கூடுதலாகச் சூடாகிச் சில வாரங்கள் அப்படியே நின்றால், பவளம் அந்தப் பாசியை வெளியேற்றி வெளிறிவிடும். சூடு விரைவில் தணிந்தால் பிழைக்கும். தணியாவிட்டால் பட்டினியால் மடியும்.

1998இல் எல் நினோ ஆண்டின் சூடு மாலத்தீவைத் தாக்கியது. நடுப்பகுதித் தீவுக்கூட்டங்களின் ஆழமற்ற பாறைகளில் உயிருள்ள பவளத்தின் பரப்பு 5 விழுக்காட்டுக்கும் கீழே போயிற்று. பாறை மீண்டு எழப் பத்தாண்டுகளுக்கு மேல் பிடித்தது. எழுந்த வேகத்தில் 2016இல் மறுபடி அடி: ஆய்வு செய்த பவளங்களில் ஏறத்தாழ 60 விழுக்காடு வெளிறியது, சில இடங்களில் 90 விழுக்காடு. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காம் வெளிறல் அறிவிக்கப்பட்டது. ஒரு தாக்குதலுக்கும் அடுத்ததற்கும் இடையே பாறை தேறிக்கொள்ளக் கிடைக்கும் காலம் சுருங்கிவருவதே இங்கே உண்மையான ஆபத்து. பூமி 1.5 பாகை சூடானால் வெப்பமண்டலப் பவளப்பாறைகளில் 70 முதல் 90 விழுக்காடு குறையும், 2 பாகையானால் 99 விழுக்காட்டுக்கு மேல் போய்விடும் என்கிறது காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவின் 2018ஆம் ஆண்டு அறிக்கை.

சுற்றுலாவுக்கு இதன் விளைவு நேரடியானது என்று சொல்லத் தோன்றும். ஆனால் பயணிகளின் வரவு பவளத்தின் நிலையோடு சேர்ந்து ஏறி இறங்கவில்லை. 1998க்குப் பிறகும் 2016க்குப் பிறகும் கூட்டம் பெருகியது. மூழ்கிப்போகுமுன் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையும் ஒரு விளம்பரமாகிவிட்டது. முக்குளிக்க வருபவர் செத்த பாறையைக் கண்டுகொள்வார்; நீர்மேல் அமைந்த மாளிகையில் தேனிலவுக்கு வருபவருக்கு நீலநீரும் வெண்மணலும் போதும். அந்த மணலும் பாறையிலிருந்து வருவது என்பதால் இந்த நிம்மதி கடன் வாங்கியது.

விடுதிகள் பாறைக்குச் செய்வது

சுற்றுலாவின் கேடு என்றால் விமானப் புகைதான் பேசப்படுகிறது. தீவின் காலடியிலேயே நடக்கும் சேதம் அதைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது. விருந்தாளிக்கு ஆண்டு முழுதும் அறை வாசலில் கடற்கரை இருக்க வேண்டும். பருவம் மாறியதும் மணல் தீவின் மறுபக்கம் போய்விட்டது என்று அவரிடம் சொல்ல முடியாது. அதனால் கடலுக்குள் நீளும் சுவர்களான தூண்டில் வளைவுகள் கட்டி மணலை ஓரிடத்தில் பிடித்து வைக்கிறார்கள். ஒரு பக்கம் பிடித்த மணல் இன்னொரு பக்கத்துக்குப் போய்ச் சேராது. அங்கே அரிப்பு தொடங்கும். அதற்கு மற்றொரு சுவர் எழும். காயலைத் தோண்டி மணலை உறிஞ்சிக் கரையில் கொட்டும்போது கலங்கிய சேறு பக்கத்துப் பவளத்தின்மேல் படிந்து அதை மூடுகிறது. சூட்டில் ஏற்கெனவே தளர்ந்த பவளம் இந்தச் சேற்றைத் தாங்காது.

பவளக்கல்லை வெட்டிக் கட்டடம் கட்டும் வழக்கம் 1990களிலிருந்து கட்டுப்படுத்தப்பட்டது. கல்லும் மணலும் இன்று பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. ஆண்டுதோறும் இந்தியா அளவு குறித்து அனுமதிக்கும் ஆற்றுமணலும் சரளைக்கல்லும் அதில் அடங்கும். காய்கறியோடு கட்டுமானப் பொருளும் தூத்துக்குடியிலிருந்து மாலேக்குப் போகின்றன. பாறை அங்கே தப்பியதற்கான விலையில் ஒரு பகுதியை ஆறும் மலையும் இங்கே கொடுக்கின்றன.

சுற்றுலா காத்துக்கொடுத்ததும் உண்டு. இறந்த சுறாவின் துடுப்பைவிட உயிருள்ள சுறா அதிகம் சம்பாதித்துத் தரும் என்று தெரிந்தபின், 2010இல் நாடு முழுவதும் சுறாப் பிடிப்பு தடைசெய்யப்பட்டது. கொம்புத் திருக்கைகள் கூடும் ஹனிஃபாரு விரிகுடாவை உள்ளடக்கிய பா தீவுக்கூட்டம் 2011இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று.

விமானப் புகையின் கணக்கு

உலகச் சுற்றுலாவின் கரித்தடம் பற்றிய விரிவான ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. போக்குவரத்து மட்டுமன்றி உணவு, தங்கல், கடைவீதிச் செலவு எல்லாவற்றையும் சேர்த்து, உலகப் பசுங்குடில் வளி வெளியீட்டில் ஏறத்தாழ 8 விழுக்காடு சுற்றுலாவுடையது என்று அது கண்டது. மாலத்தீவு, மொரிசியஸ், சைப்ரஸ், சீஷெல்ஸ் போன்ற தீவுநாடுகளின் வெளியீட்டில் 30 முதல் 80 விழுக்காடு வரை பன்னாட்டுச் சுற்றுலாவால் வருகிறது என்றும் அதே ஆய்வு கணக்கிட்டது.

இலண்டனிலிருந்து மாலே சுமார் 8,500 கிலோமீட்டர். சாதாரண வகுப்பில் போய்வரும் ஒருவரின் பங்குக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு டன் கரியமில வாயு சேரும். வந்திறங்கிய பிறகு விசைப்படகு அல்லது கடல் விமானம். விடுதியில் குளிர்சாதனம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. ஒவ்வொரு தீவுக்கும் தனி மின்நிலையம் தேவைப்படுகிறது. பெரும்பாலும் அது டீசலில் ஓடுகிறது. டீசலோ முழுவதும் இறக்குமதி. சூரியத் தகடு தீவுதீவாகப் பரவிவருகிறது. ஆனால் தகடு வைக்க நிலமில்லாத நாடு இது, கூரையும் காயலும்தான் மிச்சம்.

பன்னாட்டு விமானங்கள் எரிக்கும் எண்ணெய் எந்த நாட்டின் வெளியீட்டுக் கணக்கிலும் சேர்வதில்லை, ஐ.நா. முறைப்படி அது தனியாகக் குறிக்கப்படுகிறது. உலக வெளியீட்டில் மாலத்தீவின் பங்கு 0.01 விழுக்காடுகூட இல்லை என்பது இந்தக் கணக்கின்படி உண்மைதான். 2009 மார்ச்சில் அதிபர் முகமது நஷீத், பத்தாண்டில் கரிச்சமநிலை எட்டுவோம் என்று அறிவித்தார். அந்த இலக்கு எட்டப்படவில்லை. வெளிநாட்டு உதவி கிடைத்தால் 2030க்குள் என்ற புதிய இலக்கு 2020 இறுதியில் வந்தது. புகைக்குக் கணக்கு கேட்பதில் அரசைவிடச் சில விடுதிகள் முந்தின: சொனேவா நிறுவனம் விருந்தாளிகளின் விமானப் புகையையும் ஈடுசெய்யவென 2008 முதல் கட்டணத்தில் 2 விழுக்காடு கூடுதலாக வாங்குகிறது.

குரலும் அரணும்

1987 ஏப்ரலில் தொலைதூரப் புயல்களிலிருந்து புறப்பட்ட பேரலைகள் மாலேயிலும் விமான நிலையத் தீவிலும் புகுந்தன. கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் ஒரு பகுதியைக் கடலே திரும்ப எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் அதிபர் மௌமூன் அப்துல் கயூம் ஐ.நா. பொதுச்சபையில் கடல்மட்ட உயர்வு பற்றி எச்சரித்தார். அரசுகளுக்கிடையிலான குழு அப்போது பிறந்திருக்கவில்லை. 1989இல் சிறு நாடுகளைக் கூட்டி மாலே பிரகடனம் வெளியிடப்பட்டது. 2009 அக்டோபர் 17 அன்று நஷீத் தம் அமைச்சர்களோடு கிரிஃபுஷி அருகே கடலுக்கடியில் அமர்ந்து தீர்மானத்தில் கையெழுத்திட்டார். அந்தப் படம் உலகெங்கும் போயிற்று. மாலத்தீவின் நீர் எவ்வளவு தெளிவானது என்பதையும் அது சேர்த்துக் காட்டியது என்பதைச் சுற்றுலாத் துறையினர் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

1987க்குப் பிறகு ஜப்பானின் நிதியில் மாலேயைச் சுற்றி நாற்கால் கான்கிரீட் கட்டிகளால் அலைதடுப்பு எழுந்தது. 2004 ஆழிப்பேரலையில் தலைநகரின் சேதத்தை அது குறைத்தது. எல்லாத் தீவையும் இப்படிச் சூழ நாட்டிடம் பணமில்லை. 1997இல் தூர்க்கத் தொடங்கிய ஹுல்ஹுமாலே, ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்தில் எழுப்பப்பட்ட புதிய நகரம். மக்களைப் பாதுகாப்பான இடத்தில் திரட்டும் திட்டமும் அதனுள் உண்டு. பாறையை மூடித்தான் அந்த உயரம் கிடைத்தது.

பணத்துக்காக 2015 நவம்பரில் பசுமை வரி வந்தது: விடுதியில் தங்கும் ஒவ்வொருவருக்கும் இரவுக்கு 6 டாலர். அடுத்த ஆண்டு விருந்தினர் இல்லங்களுக்கு 3 டாலர் விதிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் இரண்டும் இரட்டிப்பாயின. கழிவுநீர், குப்பை, கரைப் பாதுகாப்பு ஆகியவை இந்த நிதியில் நடக்கின்றன. தங்கும் இரவை எண்ணும் இந்த வரி, பறந்துவந்த தூரத்தை எண்ணுவதில்லை. மும்பையிலிருந்து வந்தவருக்கும் மாஸ்கோவிலிருந்து வந்தவருக்கும் ஒரே தொகைதான்.

மூழ்குமா?

2100க்குள் உலகக் கடல்மட்டம் வெளியீட்டின் அளவைப் பொறுத்து ஏறத்தாழ 0.28 முதல் 1 மீட்டர் வரை உயரும் என்பது அரசுகளுக்கிடையிலான குழுவின் மதிப்பீடு. 1 மீட்டருக்குக் கீழே இருக்கும் தீவு அப்போது காணாமல் போகும் என்று கணக்குப் போடுவது எளிது. ஆனால் பவளத் தீவு கல்திண்ணைபோல் அசையாமல் இருப்பதில்லை. பசிபிக்கின் 27 தீவுகளின் பழைய படங்களைப் புதியவற்றோடு ஒப்பிட்டு ஆர்தர் வெப், பால் கென்ச் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், 86 விழுக்காடு தீவுகள் பரப்பில் மாறாமலோ வளர்ந்தோ இருந்தன. அலை மணலை மேலேற்றுவதால் தீவு உயரவும் நகரவும் முடியும்.

2018இல் கர்ட் ஸ்டோர்லாஸி குழுவினர் மார்ஷல் தீவுகளில் செய்த ஆய்வு வேறு பக்கத்தைக் காட்டியது. தீவு மூழ்குவதற்கு வெகுமுன்பே, அடிக்கடி மேலேறும் அலையால் நிலத்தடி நன்னீர் உப்பாகி, பெரும்பாலான பவளத் தீவுகள் இந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் வாழத் தகாதவையாகலாம் என்றனர். இரண்டும் முரண்பட்டவையல்ல. தீவு பிழைக்கலாம், ஊர் பிழைக்காமல் போகலாம். கடல்நீரைக் குடிநீராக்கப் பணமுள்ள விடுதி ஊரைவிடச் சில காலம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். ஆனால் தீவு பிழைக்க மணல் தாராளமாக நகர வேண்டும். விடுதிக்கோ கரை அசையாமல் நிற்க வேண்டும். மாலத்தீவில் விடுதித் தீவுகள் 50 ஆண்டுக் குத்தகைக்கு விடப்படுகின்றன, நீட்டிக்கவும் வழியுண்டு. இன்று கையெழுத்தாகும் குத்தகை 2070களில் முடியும்.