மட்டாஞ்சேரிச் சிலுவையும் தோமாவின் மார்க்கமும்

கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களின் ஆன்மிக வாழ்வில் கீழ்ப்படிதல் என்பது, திருத்தூதர் தோமா தம் முன்னோருக்கு அருளியதாக அவர்கள் நம்பிய ‘தோமாவின் மார்க்கம்’, அதாவது நோன்பும் சிரிய மொழி வழிபாடும் ஊர்ச்சபையின் கூட்டு முடிவும் அடங்கிய நெறி, வழுவாமல் நடப்பதாகவே இருந்தது. கோவா பேராயர் மெனெசெஸ் 1599 ஜூனில் உதயம்பேரூரில் கூட்டிய திருச்சங்கம், தோமாவின் சட்டம் வேறு, ரோமைச் சார்ந்த பேதுருவின் சட்டம் வேறு என்னும் கருத்தைத் தவறென விலக்கி, கிறிஸ்துவின் சட்டம் ஒன்றே என்றும் அதற்குப் பணிபவர் ரோமுக்கும் பணிய வேண்டும் என்றும் வகுத்தது. சிரிய நூல்கள் சில திருத்தப்பட்டன, சில எரிக்கப்பட்டன.

1652இல் மயிலாப்பூர் வந்த கீழ்த்திசை ஆயர் அகத்தல்லாவைப் போர்த்துக்கீசியர் பிடித்துக் கப்பலேற்றிக் கொச்சி வழியாகக் கொண்டுசென்றபோது, அவர் கடலில் மூழ்கடிக்கப்பட்டார் என்ற செய்தி பரவியது. 1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் திரண்டவர்கள், தங்கள்மேல் அதிகாரம் செலுத்திய பேராயர் கர்சியாவுக்கும் இயேசு சபையினருக்கும் இனிப் பணிவதில்லை எனச் சூளுரைத்தனர். அங்கிருந்த சிலுவையை எட்டித் தொட இயலாதோர் அதில் கட்டிய நீண்ட கயிறுகளைப் பற்றிக்கொண்டு சத்தியம் செய்தனர் என்பது மரபு. இதனை வெறும் கலகம் என்பது பொருந்தாது. மனிதருக்குப் பணிய மறுத்தவர்கள் அம்மறுப்பையே இறைவன் முன் கடமையாக ஏற்றுக்கொண்டனர்.

கடினமான கேள்வி அதன் பிறகே எழுந்தது. அதே ஆண்டு மே 22 அன்று ஆலங்காட்டில் 12 குருக்கள் அர்ச்சிதியாக்கோன், அதாவது சமுதாயத் தலைவராகிய தலைமைக் குரு, தோமாவின்மேல் கைவைத்து அவரை ஆயராக்கினர். ஆயர் கையாலன்றி ஆயர்நிலை செல்லாது என்பதும் திருச்சபை தெய்வ ஆணையாகப் போற்றிய விதியாதலால், மனம் கலங்கிய பலர் 1663இல் ஆயரான பறம்பில் சாண்டியின் தலைமையில் ரோமோடு இணைந்தனர். ஏனையோர் 1665இல் வந்த அந்தியோக்கிய ஆயர் மார் கிரிகோரியோசை ஏற்று அத்திருச்சபையின் பக்கம் திரும்பினர்.