19-9இன் பூர்வோத்தரம்

கணையத்திலோ பித்தக் குழாயிலோ கட்டி இருக்கலாமென்று வைத்தியர் ஐயுறும் நோயாளியின் இரத்தத்தைச் சோதித்துக் கொடுக்கும் காகிதத்தில் 'சி.ஏ. 19-9' என்றொரு வரி காணப்படும். 37 அலகுக்குள் இருந்தால் இயல்பு என்ற குறிப்பும் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். அந்த 19-9ஐத் தேதியென்று எண்ணிக் குழம்புவோரும் உண்டு, ஏதோ விகிதமென்று கருதுவோரும் உண்டு. உண்மையில் அது, பிலடெல்பியா நகரத்து விஸ்டார் ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கப்பட்ட எலி உயிரணுக் கூட்டங்களுள் ஒன்றுக்கு அடையாளத்துக்காக இட்ட இலக்கம், அவ்வளவுதான். ஆயினும் அந்த இலக்கத்தின் பூர்வோத்தரத்தை விசாரித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், புற்றுநோயைப் பற்றிய சிந்தனையே இல்லாமல் இரத்த வகைகளைப் பிரித்துக்கொண்டிருந்தவர்களின் கண்ணாடிக் குழாய்களில் போய் நிற்கிறோம்.

வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901இல் மனித இரத்தத்தை வகை பிரித்துக் காட்டியபின், ஒருவருடைய சிவப்பணுக்களுக்கும் மற்றொருவருடையவற்றுக்கும் உள்ள பேதம் எந்தப் பொருளால் உண்டாகிறது என்ற கேள்வி அரை நூற்றாண்டுக் காலம் விடை காணாமலே கிடந்தது. லண்டன் லிஸ்டர் நிலையத்தில் வால்டர் மார்கனும் வினிஃப்ரட் வாட்கின்ஸ் அம்மையாரும் 1952இல் அதற்கு விடை தேடிய விதம் ரசமானது. விலாங்கு மீனின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரம், ஓ வகைச் சிவப்பணுக்களைத் தயிர்போலத் திரளச் செய்யும். அந்தச் சீரத்தில் முன்கூட்டியே ஃபூகோஸ் என்னும் சர்க்கரையைக் கரைத்து வைத்தால், திரளச் செய்யும் சக்தி அடங்கிவிடும். சர்க்கரையானது அச்சீரத்திலுள்ள பொருளின் பிடியில் முன்னரே போய் அமர்ந்துகொண்டதனால் சிவப்பணுவைப் பற்றுவதற்கு அங்கே இடமில்லாமற் போயிற்று என்பதே இதன் தாத்பரியம். இரத்த வகையென்பது உயிரணுவின் மேற்புறத்தில் தொங்கும் சர்க்கரைச் சங்கிலியின் நுனியைப் பொறுத்தது என்பது இவ்வாறு துலங்கத் தொடங்கியது.

இதற்குச் சற்று முன்னர், 1951இல், அமெரிக்காவில் நிகழ்ந்ததொரு சம்பவத்தைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. இரைப்பையில் புற்று கண்ட ஒரு பெண்மணிக்கு அறுவை சிகிச்சை செய்வதற்கு முன் இரத்தம் ஏற்ற முற்பட்டபோது, யாருடைய இரத்தமும் அவருக்கு ஒவ்வவில்லை. பரீட்சார்த்தமாக ஏற்றிய 25 மில்லிலிட்டருக்கே உடல் கடுமையாக எதிர்த்தது. ஆகவே இரத்தம் ஏற்றாமலேயே இரைப்பையின் பெரும்பகுதியை அறுத்தெடுத்தார்கள். ரீசஸ் இரத்த வகையைப் பற்றிய ஆராய்ச்சியில் முன்னரே பெயர் பெற்றிருந்த ஃபிலிப் லெவின் அப்பெண்மணியின் சீரத்தை ஆராய்ந்து, ஏறத்தாழ எல்லா மனிதருக்கும் உள்ள ஒரு பொருள் இவர் சிவப்பணுக்களில் அறவே இல்லையென்றும், அப்பொருளை எதிர்க்கும் எதிர்ப்பொருள் இவர் இரத்தத்தில் மிகுந்திருக்கிறதென்றும், வியப்புக்கெல்லாம் வியப்பாக, இவருடைய இரத்தத்தில் இல்லாத அதே பொருள் இவருடைய கட்டியில் மாத்திரம் இருக்கிறதென்றும் கண்டார். அப்பெண்மணி அதன்பின் 22 ஆண்டுகள் ஜீவித்திருந்தார், புற்று திரும்பவில்லை. அவருடைய எதிர்ப்பொருளே எஞ்சிய புற்றணுக்களைத் தீர்த்துக் கட்டியிருக்குமோ என்று லெவின் ஊகித்தார். ஒரே ஒருவருடைய சரித்திரத்தைக் கொண்டு அதை நிரூபணமென்று கொள்வதற்கில்லை. ஆனாலும் லெவின் அந்தக் கட்டியைப் பதப்படுத்திப் பத்திரமாக வைத்திருந்தார். ஜப்பானில் பிறந்து ஸியாட்டில் நகரில் ஆராய்ச்சி நடத்திவந்த ஸென்-இதிரோ ஹாகோமோரியின் குழுவினர் லெவினோடு சேர்ந்து முப்பது ஆண்டுகளுக்குப்பின் அதை எடுத்து ரசாயன முறையில் சோதித்து, அப்பெண்மணியின் இரத்தத்தில் இல்லாத பி (P) வகைச் சர்க்கரை அமைப்புகள் கட்டியில் இருந்ததை 1982இல் உறுதி செய்தார்கள்.

அந்த ஹாகோமோரியேதான் 1964இல் ஜான்லோஸ் என்பவருடன் கூடி, மனிதப் புற்றுக் கட்டியிலிருந்து ஃபூகோஸ் கலந்த கொழுப்பொன்றைப் பிரித்தெடுத்தவர். ஆயினும் அக்காலத்து ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு பெரிய சங்கடம் இருந்தது. முயலுக்கோ எலிக்கோ புற்றணுக்களை ஊசியிட்டுப் பெறும் சீரத்தில் நூறு விதமான எதிர்ப்பொருள்கள் சந்தைக் கூட்டம்போலக் கலந்திருக்கும். எது எதைப் பற்றியதென்று பிரித்தறிய வழியில்லை. கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் 1975இல், எதிர்ப்பொருள் சுரக்கும் எலி உயிரணுவை, ஓயாது பெருகும் எலிப் புற்றணுவோடு இணைத்து, ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டுமட்டும் சுரக்கும் கலப்பணுவை உண்டாக்கினார்கள். புற்றின் சாகாவரத்தையே புற்றை அறிவதற்குக் கருவியாக்கிய இந்த யுக்தி, அந்த நூற்றாண்டின் மிகச் சாமர்த்தியமான யுக்திகளுள் ஒன்று என்பது என் அபிப்பிராயம்.

விஸ்டார் நிலையத்தில் ஹிலரி கொப்ரௌஸ்கியின் குழுவினர் அந்த யுக்தியைக் கைக்கொண்டு, எஸ்.டபிள்யூ. 1116 என்ற பெருங்குடற் புற்றணுக்களை எலிகளுக்கு ஊசியிட்டுக் கலப்பணுக்களை வளர்த்து, புற்றணுவைப் பற்றும் எதிர்ப்பொருள்களை 1979இல் அறிவித்தார்கள். அவற்றுள் ஒன்று நம் 19-9. அது பற்றுவது எதை என்று கண்டவர்கள் அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்தைச் சேர்ந்த மக்னானி, கின்ஸ்பர்க் முதலியோர். புற்றணுக்களிலிருந்து வடித்த கொழுப்புகளைச் சிலிக்கா பூசிய தகட்டின் அடியில் பொட்டுப் பொட்டாக வைத்து, கரைப்பானை மேலேற விட்டால் ஒவ்வொன்றும் தன் இயல்புக்கேற்ற உயரத்தில் நின்றுவிடும். அத்தகட்டின்மேல் எலியின் எதிர்ப்பொருளை ஊற்றிக் கழுவி, கதிரியக்க அயோடின் ஏற்றிய மற்றோர் எதிர்ப்பொருளை அதன்மேல் ஊற்றி, எக்ஸ்ரே படச்சுருளை அழுத்தி வைத்துக் கழுவிப் பார்த்தால், பிடிபட்ட பொருள் கரிய பட்டையாகத் தெரியும். பட்டை தெரிந்தது. சயாலிக் அமிலம் என்னும் சர்க்கரையை நீக்கும் நொதியைச் சேர்த்ததும் பிடிப்பு விட்டுப்போயிற்று.

அமைப்பை முற்றிலும் விடுவித்துப் பார்த்தபோது வந்த விடையில் ஒரு விநோதம் இருந்தது. லூயிஸ் என்ற இரத்த வகையைக் குறிக்கும் பழைய சர்க்கரைச் சங்கிலிதான் அது. சயாலிக் அமிலம் ஒன்று கூடுதலாகத் தொங்கியதே வேற்றுமை. இதே சங்கிலியைக் கொண்டு புற்றணு இரத்த நாளத்தின் உட்சுவரில் ஒட்டுகிறது என்பதும் 1991 வாக்கில் தெரியவந்தது. ஆனால் இரத்த வகையோடு கொண்ட இந்த உறவு சோதனையை ஓரிடத்தில் தடுக்கிவிடுகிறது. அந்தச் சங்கிலியில் ஃபூகோஸைப் பொருத்தும் நொதி பிறவியிலேயே இல்லாதவர்கள் உண்டு. வெள்ளையரில் நூற்றுக்குச் சுமார் 5 முதல் 10 பேர். அவர்களுடைய உயிரணுக்களால் 19-9ஐச் செய்யவே இயலாதாகையால், கணையத்தில் கட்டி வளர்ந்துகொண்டிருக்கும்போதும் அவர்களுடைய காகிதத்தில் அந்த எண் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும்.