நெருப்புக்குச்சியின் மரம்



நெருப்புப்பெட்டியின் வரலாறு என்றால் இரசாயனத்தைத்தான் பேசுவோம். ஒரு காலத்தில் வெண்பொசுபரசு. அதன் நஞ்சால் தொழிலாளரின் தாடை எலும்பு அழுகியது. 1844 இல் சுவீடனின் குஸ்தாவ் எரிக் பாஷ், நஞ்சற்ற செம்பொசுபரசைப் பெட்டியின் பக்கத்தில் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். யொன்சொப்பிங் நகரில் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதை வியாபாரமாக்கினார்கள். 1855 இல் பாரிஸ் கண்காட்சியில் பரிசும் கிடைத்தது.

ஆனால் மருந்து குச்சியின் நுனியில் மட்டும்தான். மிச்சமெல்லாம் மரம். அந்த மரம் அஸ்பென்.

ஏன் அஸ்பென்? அது வெள்ளையான, இலேசான, நேரான நார் கொண்ட மரம். பைன் போலப் பிசின் இல்லை. ஈரம் காயாத கட்டையைச் சுழற்றிக் கத்தியை வைத்தால் மெல்லிய தகடாக உரிந்து வரும். அதை வெட்டினால் குச்சி. பரபின் மெழுகை நன்றாக உறிஞ்சுவதால், நுனியில் பற்றிய நெருப்பு அணையாமல் குச்சிக்கு இறங்கும்.

இவ்வளவு பயன் இருந்தும் சுவீடன் காட்டுக்காரருக்கு அது களை மரம். பலகைக்குப் பைன்தான் வேண்டும். பைன் கன்றுகளை முறுக்கும் பூஞ்சணம் ஒன்று அஸ்பென் இலையில் தங்கி வாழ்வதால், கண்ட இடத்தில் அதை வெட்டினார்கள். ஒரு பக்கம் களையென்று அழிப்பு, மறு பக்கம் தொழிற்சாலையின் பசி. கடைசியில் காடு நிறைந்த நாடே ரஷ்யாவிலிருந்து கப்பலில் அஸ்பென் கட்டை இறக்கியது.

அதன் பிறகுதான் நடும் யோசனை வந்தது. 1935 இல் தென் சுவீடனில் வழமைக்கு மாறாகப் பெரிய இலைகளோடு ஓர் அஸ்பென் கண்டுபிடிக்கப்பட்டது. ஆராய்ந்தபோது, அதில் இரண்டு தொகுதிக்குப் பதிலாக மூன்று தொகுதி நிறமூர்த்தங்கள் இருந்தன. 1939 இல் ஐரோப்பிய, அமெரிக்க அஸ்பென்களைக் கலந்து வேகமாக வளரும் கலப்பினம் உருவாக்கினார்கள். நெருப்புக்குச்சித் தொழிலுக்காகவே இந்த முயற்சி.

ஆனால் அந்த மரங்கள் முற்றும்போது லைட்டர் வந்துவிட்டது. குச்சியின் தேவை குறைந்தது. நட்டது வீணா? இல்லை. அதே கலப்பின அஸ்பென் இன்று கடதாசிக் கூழுக்கும் எரிபொருளுக்கும் வளர்க்கப்படுகிறது.

வெட்டுகிறவருக்குத் தன் தேவை தெரியும். நடுகிறவருக்கு, தான் நட்டது யாருக்கு, எதற்குப் பயன்படும் என்று தெரியாது. மரம் நடுவதை ஸதகா என்று நம் மார்க்கம் சொல்வதும் அதனால்தானோ என்று நினைக்கிறேன். காணியில் "உதவாத மரம்" என்று கத்தியை ஓங்கும் முன், ஒரு நெருப்புக்குச்சியைக் கையில் எடுத்துப் பாருங்கள்.