வெனிசில் ஒரு வாரம்: கம்பித் தடுப்பும் காணிக்கையும்

18ஆம் நூற்றாண்டில் வட ஐரோப்பாவிலிருந்து வெனிஸ் நகருக்கு வந்து தங்கிய செல்வந்தர்களும் எழுத்தாளர்களும் தூதரக அலுவலர்களும் விட்டுச்சென்ற கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு ஓர் ஒழுங்கு விரைவிலேயே புலப்படும். பகற்பொழுதில் புனித மாற்கு சதுக்கம், குடியரசுத் தலைவரான டோஜின் மாளிகை, ஆர்செனால் என்னும் கப்பல் கட்டும் தளம் என அவர்கள் சுற்றிய இடங்கள் பெரிதும் ஒன்றுபோல் இருக்க, சனி, ஞாயிறு மாலைகள் மட்டும் ஆதரவற்றோர் இல்லம் ஒன்றின் தேவாலயத்துக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. அங்கே பாடியவர்களும் வாசித்தவர்களும் அவ்வில்லத்துப் பெண்கள். அவர்கள் இருந்ததோ கம்பித் தடுப்புக்கு அப்பால். காட்சிகளுக்குப் பேர்போன நகரில் அயலார் மிகுதியும் தேடிச் சென்றது, கண்ணில் படாத ஒரு குழுவின் இசையை.

இந்த இல்லங்கள் ‘ஓஸ்பெதாலே’ எனப்பட்டன. மருத்துவமனை, அநாதை விடுதி, முதியோர் காப்பகம் ஆகியவற்றின் பணிகளைக் கலந்து செய்த அறநிலையங்கள் இவை. பிரபுக்களும் வணிகர்களும் அடங்கிய நிர்வாகக் குழுக்களின் பொறுப்பில் இயங்கின. பெரியவை நான்கு. கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக 14ஆம் நூற்றாண்டில் ஒரு பிரான்சிஸ்கன் துறவியின் முயற்சியால் தோன்றிய பியெத்தா அவற்றுள் மூத்தது. தீராத மேகநோய் கண்டவர்களுக்காக 1522இல் எழுந்த இன்குராபிலி, பஞ்சத்தில் நகருக்குள் வந்து குவிந்த ஏழைகளுக்காக அதே பத்தாண்டில் தொடங்கிய ஓஸ்பெதாலெத்தோ, பிச்சையெடுத்துத் திரிந்தவர்களைச் சேர்த்துக்கொண்ட மென்டிகாந்தி ஆகியவை மற்ற மூன்று. பியெத்தாவின் சுவரில் குழந்தையை வைத்துவிட்டுப் போவதற்கென்றே ஒரு மாடம் இருந்தது. பிற்காலத்தில் அடையாளம் காட்டி மீட்டுக்கொள்ளும் நம்பிக்கையில், பாதியாக வெட்டிய பதக்கத்தையோ படத்தையோ சில தாய்மார் குழந்தையுடன் விட்டுச் சென்றனர். மறுபாதி அவர்களிடம் இருக்கும்.

இல்லத்துப் பெண்பிள்ளைகளுள் குரல்வளமும் கைத்திறனும் உடையவர்கள் ‘ஃபீலியே தெல் கோரோ’, அதாவது பாடகர் குழுவின் புதல்வியர், எனத் தனியே பிரிக்கப்பட்டுப் பயிற்சி பெற்றார்கள். குடும்பப் பெயர் இல்லாத அவர்களுக்கு இசைக்கருவியே அடைமொழியாயிற்று; பெரும்புகழ் பெற்ற ஒருத்தி ‘வயலின் அன்னா மரியா’ என்றே ஏடுகளில் பதிவாகியிருக்கிறாள். மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கற்பித்தார்கள். வெளியிலிருந்து அமர்த்தப்பட்ட ஆசிரியர்கள் அவர்களுக்கு மேல் இருந்தார்கள். 1703இல் பியெத்தாவில் வயலின் ஆசிரியராகச் சேர்ந்த அந்தோனியோ விவால்டி, ஆண்டுதோறும் நிர்வாகிகளின் வாக்கெடுப்பில் தேறியாக வேண்டிய ஊழியர். 1709இல் தேறாமல் வெளியேறி 1711இல் மீண்டும் அழைக்கப்பட்டார். 1723இல் மாதம் இரண்டு கன்செர்ட்டோ, அதாவது தனிக்கருவியும் வாத்தியக் குழுவும் மாறி மாறி முன்னிற்கும் இசைப்படைப்பு, எழுதித் தர நிர்வாகம் அவரோடு உடன்பாடு செய்துகொண்டது. படைப்பு மேதையின் ஊற்றாகப் பிற்காலம் போற்றியவற்றுள் கணிசமானவை, இப்படிக் கணக்கு வைத்து வாங்கப்பட்ட சரக்கு என்பதை மறப்பதற்கில்லை.

அயலாரின் வாரத்தை வகுத்தது இசை நாட்காட்டி. ஓபரா அரங்குகள் இலையுதிர்காலம், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் கார்னிவல், விண்ணேற்றத் திருவிழா ஆகிய பருவங்களில் மட்டுமே திறந்தன; தவக்காலத்தில் மூடப்பட்டன. ஓஸ்பெதாலேகளில் ‘வெஸ்பர்ஸ்’ எனப்படும் மாலை வழிபாட்டு இசையோ அரங்குகள் மூடிய நாட்களிலும் நிற்கவில்லை. தவக்காலத்தில் ஒரத்தோரியோ, அதாவது விவிலியக் கதையை நடிப்போ காட்சியமைப்போ இன்றிப் பாடிச் சொல்லும் நீண்ட படைப்பு, ஓபரா விட்டுச்சென்ற இடத்தை நிரப்பியது. பயணிகளுக்கு வழிகாட்டும் கையேடுகளும் இதை ஊக்குவித்தன. நிலப்பட வல்லுநர் கொரோனெல்லி வெளியிட்ட அயலார் கையேட்டின் 1706ஆம் ஆண்டுப் பதிப்பு, நகரின் தேர்ந்த வயலின் கலைஞர்களாக விவால்டியையும் அவருடைய தந்தையையும் குறிப்பிடுகிறது.

1739இல் வந்த பிரெஞ்சு நீதிபதி ஷார்ல் த ப்ரோஸ், நகரில் கேட்ட இசைகளுள் ஓஸ்பெதாலேகளுடையதே உயர்ந்தது என்று எழுதி, எவ்வளவு பெரிய கருவிக்கும் அப்பெண்கள் அஞ்சுவதில்லை என்று வியந்தார். வாத்திய இசையில் அவர் பியெத்தாவுக்கே முதலிடம் தந்தார். நான்கு ஆண்டுகள் கழித்துப் பிரெஞ்சுத் தூதரின் செயலாளராக வந்து ஓராண்டளவு வாழ்ந்த ழான் ழாக் ரூஸோவின் அனுபவம் வேறு வகை. மென்டிகாந்தியின் மாலை வழிபாடுகளைத் தவறவிடாத அவர், குரலுக்குரிய அழகிய முகங்களை மறைத்த கம்பித் தடுப்பின்மேல் சினங்கொண்டதையும், நண்பர் ஒருவர் அப்பெண்களோடு உணவருந்த ஏற்பாடு செய்தபோது ஒருத்திக்கு ஒரு கண் இல்லை, இன்னொருத்தி முகம் அம்மைத் தழும்பால் சிதைந்திருந்தது என்று கண்டு திகைத்ததையும் தம் தன்வரலாற்றில் ஒளிக்காமல் சொல்கிறார். சிறிது நேரப் பேச்சுக்குப் பின் அவர்கள் எல்லாரிடமும் மனம் சாய்ந்தே வெளியேறினாராம். அம்மையும் வறுமையும் கண்ட உடம்புகள் அக்குரல்களுக்குரியவை என்பது, இல்லத்தின் கணக்கேட்டைப் பார்த்திருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

1770 ஆகஸ்டில் இரு வாரம் தங்கிய ஆங்கில இசை வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் பர்னி காதை மட்டும் நம்பவில்லை. வந்திறங்கியவுடன் தெருவில் இரண்டு வயலின், ஒரு செல்லோ, ஒரு குரல் கொண்ட நாடோடிக் குழு நன்றாகவே வாசித்தும், இங்கிலாந்தில் கரி விற்றுப்போகிறவனைப் போல எவரும் பொருட்படுத்தாமல் விட்டதை அவர் குறித்துக்கொண்டார். அடுத்த நாட்களில் நான்கு இல்லங்களையும் ஒப்பிட்டுக் கேட்டார்; மென்டிகாந்தியில் அவருக்கென்றே உள்ளறையில் ஓர் இசைநிகழ்ச்சி நடந்தது. வயலின் முதல் கொம்பு, டபுள் பாஸ் வரை எல்லாவற்றையும் பெண்களே வாசித்ததைக் கேட்பதோடு காண்பதும் வியப்பாக இருந்தது என்பது அவருடைய பதிவு.

இவ்வளவு புகழும் காசாகத் திரும்பியது. தேவாலயத்தில் நாற்காலிகள் வாடகைக்கு விடப்பட்டன; உண்டியலில் காணிக்கை விழுந்தது; உயில்களில் சொத்து எழுதிவைக்கப்பட்டது. புனித இடமாதலால் கைதட்டல் கூடாது. பாராட்ட விரும்பியவர்கள் இருமியும் மூக்கைச் சிந்தியும் காலைத் தேய்த்தும் தெரிவித்தார்கள். மணமாகி வெளியேறுபவளுக்கு இல்லம் சீதனம் தந்தது. மென்டிகாந்தியில் வளர்ந்து, இசைக்கலைஞர் தார்த்தினியிடம் வயலின் பயின்று, 1767இல் மற்றொரு வயலின் கலைஞரை மணந்த மத்தலேனா லொம்பார்தினி, பாரிஸ், லண்டன் மேடைகளில் வெளிப்படையாக வாசித்தது இவ்வமைப்பின் அரிய விதிவிலக்கு. புகழால் மட்டும் கணக்கு நேராகவில்லை. 1777 வாக்கில் பியெத்தா நீங்கலான இல்லங்கள் நொடித்தன.

ஆயினும் குடியரசு இவ்விசையைத் தன் அணிகலனாகவே கருதியது. 1782 ஜனவரியில் ரஷ்ய அரியணையின் வாரிசான பாவெலும் மனைவி மரியா ஃபியோதொரோவ்னாவும், அரச மரியாதைகளின் சுமையைத் தவிர்க்க ‘வடநாட்டுப் பிரபு, பிரபுவாட்டி’ என்ற மாற்றுப்பெயரில் வந்து ஒரு வாரம் தங்கினார்கள். மாறுவேடம் எவரையும் ஏமாற்றவில்லை, ஏமாற்றுவதாகவும் இல்லை. ஓபரா, நடனம், விருந்து, ஆர்செனால் பார்வை, புனித மாற்கு சதுக்கத்தையே அரங்கமாக மாற்றி நடத்திய காளை விரட்டு என்று விருந்தினருக்கு மூச்சுவிட இடமில்லாதபடி அவ்வாரம் நிரப்பப்பட்டது. அவற்றுள் ஒன்று ஃபிலார்மோனிச்சி மண்டபத்தில் நடந்த இசைமாலை. பிரான்செஸ்கோ குவார்தி தீட்டி, இப்போது மூனிச்சில் உள்ள ஓவியம் அதைக் காட்டுகிறது: சரவிளக்குகளின் கீழே பட்டாடைப் பெருமக்கள், இடப்புறச் சுவரில் அடுக்கடுக்கான மாடங்களில் கறுப்புடை அணிந்த இல்லத்துப் பெண்கள். ரூஸோ சினந்த தடுப்பு அங்கே இல்லை. அரசுக்குத் தேவைப்பட்டபோது ஒழுக்க விதி எவ்வளவு எளிதில் வளைந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1786 செப்டம்பர் இறுதியில் வந்த ஜெர்மன் கவிஞர் கதே, அடுத்த வாரத்துக்குள் கோபுரமேறி நகரைப் பார்த்து, வழக்காடுமன்றத்தில் வாதம் கேட்டு, நாடகமும் ஓபராவும் கண்டு, படகோட்டிகளுக்குக் காசு கொடுத்துக் கவிஞர் தாசோவின் பாடல்களைப் பாடச் செய்தார். மென்டிகாந்தியில் கேட்ட ஒரத்தோரியோவின் குரல்கள் அவரை மகிழ்வித்தன. தடுப்பின்மேல் காகிதச் சுருளால் ஓசை எழத் தட்டித் தாளம் காட்டியவரை மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை.

1797 மே மாதத்தில் நெப்போலியனின் படைமுன் குடியரசு வீழ்ந்தது. மற்ற இல்லங்களின் பாடகர் குழுக்கள் மறைந்தன. பியெத்தா குழந்தைகள் நல நிறுவனமாக இன்றும் இயங்குகிறது. கடற்கரை நடைபாதையில் நிற்கும் அதன் தேவாலயத்தில், ஒரு வாரப் பயணமாக வருபவர்கள் விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’ கேட்கச் சீட்டு வாங்குகிறார்கள். அக்கட்டடத்தின் பணி 1745இல்தான் தொடங்கியது. விவால்டி அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே வியன்னாவில் இறந்துவிட்டார்.