கைகாட்டி மரத்தடியில் பிறந்த ஊர்

1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24. அன்று பாம்பன் கடலுக்கு மேலே ரயில் ஓடியது. சென்னையில் ஒரு டிக்கெட் வாங்கினால் போதும். தனுஷ்கோடித் துறையில் இறங்கி, எதிரே நிற்கும் நீராவிக் கப்பலில் ஏறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலைப் பிடித்துக் கொழும்புக்குப் போய்ச் சேரலாம். தொண்டியில் பாய்மரத் தோணிக்காகக் காற்றைப் பார்த்துக் காத்திருந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு இது கனவு போல இருந்தது. கொழும்பிலும் கண்டியிலும் வட்டிக்கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் இந்த வண்டிக்கு நல்ல வாடிக்கையாளர்கள் ஆனார்கள். கடல் அவர்களுக்கு ஒரு பொழுதில் கடக்கும் வாய்க்காலாகச் சுருங்கிவிட்டது. சிக்கல் கரைக்கு வந்த பிறகுதான் தொடங்கியது.

ஏனென்றால், அந்த ரயில் செட்டிநாட்டுக்குள் வரவில்லை. திருச்சியிலிருந்து திண்டுக்கல், மதுரை என்று மேற்கே வளைந்து, பிறகு கிழக்கே திரும்பி மானாமதுரை வழியாக ராமேசுவரம் போனது. அந்தப் பெரிய வளைவுக்குள் காரைக்குடியும் தேவகோட்டையும் மற்ற நகரத்தார் ஊர்களும் தண்டவாளத்தைக் காணாமல் கிடந்தன. மானாமதுரையில் இறங்கினால் தேவகோட்டைக்கு ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. டிரங்குப் பெட்டிகளையும் மூட்டைகளையும் வண்டியில் ஏற்றி, மாடுகளுக்கு இடையிடையே தண்ணீர் காட்டி, செம்மண் புழுதியில் ராத்திரி முழுக்க வரவேண்டும். கடலைத் தாண்ட ஆன நேரத்தைவிடக் கண்மாய்க் கரைகளைத் தாண்ட ஆன நேரம் அதிகம். பர்மா தேக்கையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் பெல்ஜியம் கண்ணாடியையும் இந்த வண்டித் தடங்கள்தான் சுமந்தன. இந்தக் கஷ்டம் எட்ட வேண்டிய காதுக்கு எட்டியதோ இல்லையோ, தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்கு வேறொரு கவலை இருந்தது.

தனுஷ்கோடி போகும் வண்டி மதுரையைச் சுற்றுவது கம்பெனிக்கும் வீண் செலவு. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி, சிவகங்கை வழியாக மானாமதுரைக்கு நேரே ஒரு கோடு இழுத்தால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் மிச்சம். மீட்டர் கேஜ் தண்டவாளம் 1929இல் புதுக்கோட்டை சமஸ்தானத்துத் தலைநகரை எட்டியது. அங்கிருந்து திருமயம் கோட்டையை ஒட்டிக் காரைக்குடிக்கு வந்தது. 1930இல் மானாமதுரையில் பழைய பாதையோடு சேர்ந்தது. செட்டிநாட்டின் நடுவே ரயில் வந்துவிட்டது. ஆனாலும் வரைபடத்தைப் பார்த்த தேவகோட்டைக்காரர்களுக்கு முகம் வாடியிருக்கும்.

மானாமதுரை காரைக்குடிக்குத் தென்மேற்கே இருக்கிறது. தேவகோட்டையோ தென்கிழக்கே. காரைக்குடியை விட்டுத் தெற்கே கிளம்பிய தண்டவாளம் அரியக்குடிப் பக்கம் வந்ததும் கல்லலை நோக்கித் திரும்பிவிட்டது. செட்டிநாட்டின் பெருஞ்செல்வ ஊர்களில் ஒன்று ரயில் சத்தம்கூடக் கேட்காத தூரத்தில் நின்றது.

இதே சிக்கல் உலகின் இன்னொரு கோடியிலும் வந்திருந்தது. 1885இல் கனடாவின் குறுக்கே ரயில் பாதை முடிந்த பிறகு, அங்கே புல்வெளியைக் கோதுமை வயலாக்கக் குடியேறிய மக்கள் தண்டவாளத்தை நம்பியே வாழ்ந்தார்கள். ஒரு விவசாயி குதிரை வண்டியில் தானியத்தைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும். அந்தக் கணக்கில் ஏழெட்டு மைலுக்கு ஒரு நிலையம் முளைத்தது. நிலையம் முளைத்த இடத்தில் தானியக் கிடங்கு, கடை, தேவாலயம், பள்ளிக்கூடம் என்று ஊரும் முளைத்தது. கிராண்ட் டிரங்க் பசிபிக் என்ற கம்பெனி தன் நிலையங்களுக்கு ஆங்கில அகரவரிசைப்படியே பெயர் சூட்டிக்கொண்டு போனது. ரயில் ஒதுக்கிவிட்ட சிற்றூர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா என்று அந்தப் பக்கத்து ஆட்கள் இன்றும் பெருமையாகச் சொல்வதுண்டு. மரத்தால் கட்டிய வீடுகளையும் கடைகளையும் அடியோடு பெயர்த்து, உருட்டுக்கட்டையிலும் சறுக்குச் சட்டத்திலும் வைத்துக் குதிரைகளைப் பூட்டித் தண்டவாளத்தின் ஓரத்துக்கே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

தேவகோட்டையில் அது நடக்குமா? முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் புறவாசலுமாக நீளும் வீடுகள் அவை. முட்டை வெள்ளை சேர்த்து மெருகேற்றிய சுவர்கள், ஒரே மரத்தில் கடைந்த தேக்குத் தூண்கள். படைப்பு வீடும் நகரச் சிவன் கோயிலும் ஊருணியும் சேர்ந்ததுதான் அங்கே ஊர். பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி என்று ஒன்பது கோயில்களைக் கொண்டு தங்களைப் பகுத்துக்கொண்ட மக்கள், ஒரு கம்பெனி போட்ட கோட்டுக்காக இடம் பெயர்வார்களா? ஊர் அசையவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று நகர்ந்தது.

ரயில்வேயிடம் இதற்கென்று ஒரு பழைய வழக்கம் இருந்தது. பெரிய ஊர் ஒன்று பாதையிலிருந்து விலகியிருந்தால், அதற்குப் போகும் சாலை பிரியும் இடத்தில் ஒரு நிலையத்தை வைப்பார்கள். அந்த ஊர்ப் பெயரோடு 'ரோடு' என்று ஒரு வாலையும் சேர்த்துவிடுவார்கள். மலைமேல் இருக்கும் கொடைக்கானலுக்காக அம்மையநாயக்கனூரில் நிற்கும் நிலையம் கொடை ரோடு ஆனது அப்படித்தான். களம்பூரில் ஆரணி ரோடு இருப்பதும் அப்படித்தான். அதே வழக்கப்படி, அரியக்குடியை ஒட்டிய பொட்டலில், காரைக்குடியிலிருந்து தேவகோட்டை செல்லும் சாலையருகே எழுந்த நிலையத்துக்குத் தேவகோட்டை ரோடு என்று பெயர் வைத்தார்கள். தேவகோட்டை இருந்த இடத்திலேயே இருக்க, அதன் பெயர் மட்டும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வடக்கே வந்து பலகையில் ஏறிக்கொண்டது. பக்கத்திலேயே இருந்த அரியக்குடிக்குத்தான் இடமில்லாமல் போயிற்று.

இது எனக்கு எப்போதும் மனத்தை உறுத்தும் இடம். அரியக்குடி ஒன்றும் பெயரில்லாத ஊர் அல்ல. தென் திருப்பதி என்று கொண்டாடப்படும் திருவேங்கடமுடையான் கோயில் அங்கே இருக்கிறது. கையாலேயே அராவிப் பொருத்திச் செய்யும் அரியக்குடிப் பூட்டுக்குத் தனி மதிப்பு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, 1890இல் அவ்வூரில் பிறந்த ராமானுஜ ஐயங்கார், ரயில் வந்த 1930இல் நாற்பது வயதில் புகழின் உச்சியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். வர்ணத்தில் விறுவிறுப்பாகத் தொடங்கி, கீர்த்தனைகள், விரிவான ராகம், தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடாக்கள் என்று இன்றைய கச்சேரிக்கு ஒரு வடிவம் கொடுத்தவர் அவர். தண்டவாளம் தராத பெயரை அந்தக் குரல் சபா சபாவாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நிலையப் பலகையில் இல்லாத ஊர் ஒவ்வொரு கச்சேரி நோட்டீசிலும் இருந்தது. ஆனால் பலகையில் பெயர் ஏறிய தேவகோட்டைக்குத்தான் அந்த நேரத்தில் சோதனை காத்திருந்தது.

1930 என்பது உலகமே பொருளாதார மந்தத்தில் சரிந்த நேரம். ரங்கூனில் நெல் விலை விழுந்தது. கனடாவின் புல்வெளியில் வங்கிப் பணம் கோதுமை வளர்த்தது போல, கீழ் பர்மாவின் சதுப்பு நிலத்தில் நெல் வளர்த்தது செட்டிநாட்டுப் பணம். கடன் வாங்கிய பர்மிய விவசாயியால் திருப்பித்தர முடியவில்லை. பணத்துக்குப் பதில் நிலம் கைக்கு வந்தது. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த நகரத்தார் நிலம், 1938க்குள் ஏறக்குறைய கால் பங்கானது. விற்க முடியாத நிலம், கோபத்தை வளர்க்கிற நிலம். 1942இல் ஜப்பானியப் படை ரங்கூனுக்குள் நுழைந்தபோது அதையும் விட்டுவிட்டு ஓடிவர வேண்டியதாயிற்று. செல்வத்தை ஏற்றிச்செல்ல வசதியாக வந்த ரயில், கடைசியில் வெறுங்கையோடு திரும்பியவர்களையும் ஏற்றி வந்தது.

இதற்கிடையில் நிலையத்தைச் சுற்றி ஒரு வாழ்க்கை சத்தமில்லாமல் வேர் பிடித்திருந்தது. அந்தக் காலத்து மீட்டர் கேஜ் நிலையங்களுக்கு ஒரே முகம். ஓட்டுக் கூரைக் கட்டடம், ஸ்டேஷன் மாஸ்டர் குடியிருப்பு, தள்ளி கேங்மேன்களின் லைன் வீடுகள், வானத்தைப் பார்த்துக் கை நீட்டும் கைகாட்டி மரம். ஒற்றைத் தண்டவாளம் என்பதால், டோக்கன் கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். பொழுது சாய்ந்ததும் கைகாட்டிக்கு மண்ணெண்ணெய் விளக்கு ஏற்ற ஒரு ஆள் ஏணியில் ஏறுவார். வெளியே, ரயிலில் வருகிறவரைத் தேவகோட்டைக்கு இட்டுப்போகக் குதிரை வண்டியும் மாட்டு வண்டியும் பிறகு பஸ்ஸும் நின்றன. வண்டி நின்றால் மாட்டுக்குத் தண்ணீர் வேண்டும், வண்டிக்காரருக்குக் காப்பி வேண்டும். காப்பிக்கடை வந்தால் பக்கத்தில் வெற்றிலை பாக்குக் கடை வரும். இரவு வண்டிக்குக் காத்திருக்கிறவருக்குப் பலகாரம் போட ஒருவர் வருவார். பொட்டல் மெல்ல மெல்லத் தெருவானது. அந்தத் தெருவை வாழவைத்த வண்டிக்கே ஒரு நாள் ஆபத்து வந்தது.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலைப் பேரலை அப்படியே அள்ளிக்கொண்டது. தனுஷ்கோடித் துறையும் தண்டவாளமும் திரும்ப வரவேயில்லை. எந்த ஊருக்குக் குறுக்கு வழி என்று இந்தப் பாதையைப் போட்டார்களோ, அந்த ஊரே இல்லை. வண்டிகள் ராமேசுவரத்தோடு நின்றுகொண்டன. கப்பல் அங்கிருந்து 1980களின் தொடக்கம்வரை தலைமன்னாருக்கு ஓடி, இலங்கைப் போரோடு அதுவும் நின்றது. காரணம் எல்லாம் ஒவ்வொன்றாக உதிர்ந்த பிறகும், அரியக்குடிப் பக்கத்துக் கைகாட்டியடியில் முளைத்த குடியிருப்பு உதிரவில்லை. அதற்குள் அது ஒரு சொந்தப் பெயரையும் சம்பாதித்திருந்தது.

அந்தப் பெயர் பாரசீகத்திலிருந்து புறப்பட்டது. நவாபு காலத்து நிர்வாகத்தோடு தமிழுக்குள் நுழைந்து, கிரயப் பத்திரங்களில் எல்லை சொல்லும் இடத்தில் உட்கார்ந்துகொண்ட சொல் அது. 'ரோடு' என்று கம்பெனி எழுதியதைச் சனங்கள் தங்களுக்குப் பழகிய அந்தச் சொல்லால் சொன்னார்கள்: தேவகோட்டை ரஸ்தா. நாளடைவில் நீளமாக இருந்த முன்பாதியும் பேச்சில் தேய்ந்தது. மிஞ்சியது பின்பாதி. சாலை என்று மட்டுமே பொருள்படும் ஒரு சொல், வீடும் கடையும் ரயில் நிலையமும் கொண்ட ஓர் ஊருக்குப் பெயராகிவிட்டது.

இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் மீட்டர் கேஜ் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு அகலப் பாதை போட்டார்கள். பலகை மட்டும் இன்னும் தேவகோட்டையின் பெயரைத்தான் சுமக்கிறது. காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குப் போகும் பஸ்ஸில், அரியக்குடி தாண்டும்போது, "ரஸ்தா இறங்கு" என்று குரல் வருகிறது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலு பேர் எழுந்து இறங்குகிறார்கள்.